வாளும் பலகையும்: இடக்கையின் கதை

தமிழ் இலக்கியத்தில் வாளுக்குக் கிடைத்த மரியாதை கேடயத்துக்குக் கிடைக்கவில்லை. வாளைப் புறப்படுத்த நாள் பார்த்தார்கள். அதற்குத் தொல்காப்பியம் உழிஞைத் திணையில் இடம் கொடுத்திருக்கிறது. வாளை நீராட்டி வாழ்த்தினார்கள். அது வாண்மங்கலம் என்று பாடாண் திணையில் வருகிறது. வேலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், முருகன் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் இடக்கையில் பிடித்த கேடயத்துக்கு நாளும் இல்லை, நீராட்டும் இல்லை. உயிரைக் காத்தது எதுவோ அதை மறந்துவிட்டு, உயிரை எடுத்தது எதுவோ அதைப் பாடிவைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் செம்பூர்ப் பிள்ளைகள். எங்கள் குடியிருப்பில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஞாயிறு தோறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். கற்பனை உலகம், அரக்கர், மந்திரவாதி, வீரன். ஆளுக்கு ஒரு பாத்திரம். அதில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், நீங்க சரித்திரம் எல்லாம் படிக்கிறீங்களே, நிஜத்துல ஒரு கையில வாளும் இன்னொரு கையில ஷீல்டும் வச்சிருந்தா நல்லதா, இல்ல ரெண்டு கையிலயும் வாள் வச்சிருந்தா நல்லதா? நம்ம ஊர்ல என்ன பண்ணாங்க?" கேள்வி நியாயமானது. 'நம்ம ஊர்ல' என்று கேட்டானே, அதற்காகவே தேடிப் பார்க்கத் தோன்றியது.

பெயரில் இருக்கும் சரித்திரம்

முதலில் பெயர்களைப் பார்ப்போம். கேடகம் அல்லது கேடயம் என்பது வடசொல் வழி வந்தது. அதற்கு முன்பும் பின்பும் தமிழில் தோல், கிடுகு, பலகை, பரிசை, வட்டணம் என்று பல பெயர்கள் வழங்கின. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பொருளைக் காட்டிக் கொடுக்கிறது.

'தோல்' என்றாலே கேடயம். சங்க நூல்களில் இந்தச் சொல் யானையையும் குறிக்கும், கேடயத்தையும் குறிக்கும். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். தாராவியில் பிறந்து வளர்ந்த நம்மவருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்த தமிழர், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், அங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். பாந்திராவில் இருந்த ஆட்டுத்தொட்டி 1971இல் தேவனாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் பிறகு படிப்படியாகக் குறைந்தன. பையும் பெல்ட்டும் தைக்கும் தொழில் மட்டும் இன்றைக்கும் நடக்கிறது. எருமைத் தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, இழுத்துக் கட்டி உலர்த்தினால் அது எவ்வளவு கெட்டியாகும் என்பதைத் தாராவித் தொழிலாளியிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார். பழைய போர்வீரன் கையில் இருந்ததும் அதே எருமைத் தோல்தான். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் காண்டாமிருகத் தோலுக்குத் தனி மதிப்பு. அது செல்வர் பொருள். சாதாரணச் சிப்பாய்க்கு எருமைதான் தெய்வம்.

'கிடுகு' இன்னும் சுவையானது. நெல்லைப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் கிடுகு என்றால் முடைந்த தென்னோலை; கூரை வேய, வேலி அடைக்க. சங்க நூல்களில் அதே சொல் கேடயம். முல்லைப்பாட்டில் பாசறை வருணனை ஒன்று உண்டு. வேல்களை நிலத்தில் குத்தி நட்டு, கிடுகுகளை வரிசையாக நிறுத்தி, பாளையத்துக்கே வேலி கட்டுகிறார்கள். பட்டினப்பாலையில் இன்னொரு காட்சி: காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடிசைகளில் நீண்ட தூண்டிற்கோல்கள் சார்த்தி வைத்திருப்பது, வேல் ஊன்றிக் கிடுகு நிரைத்த நடுகல் அரணைப் போல் இருக்கிறதாம். மீனவர் குடிசையைப் பார்த்ததும் புலவருக்கு வீரனின் கல்லறை நினைவு வருகிறது! தாராவியின் பழைய குடிகளான கோலிகளின் கோலிவாடாவைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை கண்முன் நிற்கும்.

முடைந்த ஓலைக்கும் கேடயத்துக்கும் ஏன் ஒரே பெயர்? பிரம்பாலும் மூங்கிலாலும் தட்டி போல் முடைந்து, மேலே தோல் போர்த்திய கேடயம் உலகத்தில் பல இடங்களில் இருந்திருக்கிறது. கிடுகும் அப்படி முடைந்ததாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பலகை என்ற பெயர் மரத்தைச் சொல்கிறது. வட்டணம் வடிவத்தைச் சொல்கிறது. தோல், ஓலை, மரம், வட்டம். எஃகு என்பது கேடயப் பெயர்களில் வரவே இல்லை, கவனியுங்கள். எஃகம் என்பது ஆயுதத்துக்கே உரிய பெயராக நின்றுவிட்டது. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் கரிச்சேர்க்கை எஃகு செய்த மூசைகளும் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பாடுபட்டுச் செய்த உலோகத்தைத் தடுப்பதற்குச் செலவழிக்க மனம் வந்திராது.

மேற்சொன்ன இரண்டு பாட்டிலும் இன்னொன்று தெரிகிறது. கிடுகு தனியாள் கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. தொல்காப்பியம் மதில் முற்றுகையைச் சொல்லும் இடத்தில் தோலின் பெருக்கத்தை, அதாவது கேடயங்களின் மிகுதியை, ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. மதில்மேல் இருந்து அம்பும் கல்லும் பொழியும்போது தலைக்குமேல் கூரையாகப் பிடித்துப் போகக் கேடயம் நிறைய வேண்டும். ஆக, கேடயம் கூட்டத்தின் கருவி. புலவர்கள் பாடியது தனி வீரனை. கேடயம் ஏன் பாட்டில் குறைந்தது என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் விழுப்புண். மார்பில் பட்ட புண் புகழ், முதுகில் பட்டது பழி. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகில் வெளிவந்ததற்கே நாணி வடக்கிருந்தான் பெருஞ்சேரலாதன். மார்பைக் காட்டுவதே பெருமை என்று சொல்லும் உலகத்தில் மார்பை மறைப்பதைப் பற்றி யார் பாடுவார்? ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. புறநானூற்று நான்காம் பாட்டைப் பாருங்கள். பரணர், சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியின் படையை வருணிக்கிறார். வாள்கள் குருதி தோய்ந்து செவ்வானம் போல் இருக்கின்றன. அடுத்து வீரர் கால், அதற்கடுத்துத் தோல்கள். அம்பு துளைத்துத் துளைத்து அவை வில்லாளர் எய்து பழகும் இலக்குகளைப் போல் இருக்கின்றனவாம். பரணர் எதையும் மறைக்கவில்லை. அந்த அம்புகளெல்லாம் தோலில் பட்டன. தோல் இல்லாவிட்டால் எங்கே பட்டிருக்கும்?

பகடைக் கணக்கும் படைக் கணக்கும்

இப்போது பிள்ளைகளின் விளையாட்டுக்கு வருவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி, எதிரியின் காப்பு எண்ணை எட்டினால் அடி விழுந்ததாகக் கணக்கு. முதல் பதிப்பில் கேடயம் பிடித்தால் காப்பு ஒரு படி கூடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டு. இருபதில் இரண்டு என்றால் பத்தில் ஒன்று. அதாவது நூறு வீச்சில் பத்து வீச்சைக் கேடயம் தடுக்கிறது. பதிலுக்கு இரு கையாலும் பிடிக்கும் பெருவாளை எடுத்தால் அடியின் சராசரி ஏழு. ஒரு கை நீள்வாளுக்கு நாலரை. இரண்டு சிறு கத்திகள் பிடித்தால் ஒரு வீச்சு கூடுதல். இவற்றில் எது லாபம் என்று பசங்க மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். வட்டிக் கணக்குப் போடுகிற நம் நாடார் கடை முதலாளிகள் தோற்றார்கள்!

விளையாட்டுக்கு இது போதும். ஆனால் சரித்திரக் கேள்விக்குப் போதாது. ஏனென்றால் இந்தக் கணக்கில் கேடயம் ஒரு சுவர், சும்மா நிற்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் கேடயத்தாலும் அடிக்கலாம் என்று விதி இருந்தது. அப்படி அடித்தால் அந்தச் சுற்றில் அதன் காப்பு போய்விடும். தடுப்பதும் தாக்குவதும் இரண்டு வேறு வேலை என்ற எண்ணம் இதில் இருக்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை.

நம் கோட்டைப் பகுதியில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1922இல் திறந்தது, பழைய பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம். அங்கே ஆயுதக் கூடத்தில் பேரரசர் அக்பருடைய மார்புக் கவசமும் கேடயமும் இருக்கின்றன. கூட்டம் அதைத்தான் பார்க்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கேடயங்களைப் பாருங்கள். மராத்தியில் டால் என்பார்கள். வட்டம், நடுவில் நாலு குமிழ். குமிழ் அழகுக்கு என்று நினைப்போம். உட்புறத்தில் கைப்பிடி வார்களைக் கோத்த வளையங்களின் ஆணிமுனையை மறைப்பவை அவை. வார் இரண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே முட்டியில் பிடிப்பார்கள். முட்டி எலும்பு இடிபடாமல் இருக்க நடுவில் சிறு மெத்தை தைத்திருக்கும். இதில்தான் விஷயம் இருக்கிறது. முழங்கையில் மாட்டிக்கொண்ட கேடயம் உடம்போடு ஒட்டி நிற்கும். முட்டியில் பிடித்த கேடயத்தை நீட்டலாம், திருப்பலாம், எதிரியின் கையை நோக்கிக் குத்தலாம். எதிரியின் வாள் வேகம் பிடிக்கும் முன்னே போய் அதைச் சந்திக்கலாம்.

அதே கூடத்தில் தல்வார் என்னும் வளைவாளின் கைப்பிடியையும் பாருங்கள். பிடி குட்டை, அடியில் தட்டுப்போல் ஒரு வட்டம். கை அதில் இறுக்கமாக உட்காரும்; மணிக்கட்டை இஷ்டத்துக்கு வளைத்துக் குத்த முடியாது. தோளிலிருந்து வீசி, இழுத்து அறுக்கலாம். அப்படிப்பட்ட வாளால் எதிரி வாளைத் தடுப்பது கஷ்டம். தடுத்தால் கூர்முனை மழுங்கும். எனவே தடுப்பு முழுவதும் இடக்கையின் பொறுப்பு. வாளும் கேடயமும் இரண்டு ஆயுதமல்ல, ஒரே ஆயுதத்தின் இரண்டு பாதி. ஒன்றில்லாமல் மற்றதைச் செய்யவே இல்லை.

ஐரோப்பாவிலும் இதே பாடம்தான். அங்கே எஞ்சியிருக்கும் மிகப் பழைய வாட்போர்ப் பாடநூல் கி.பி. 1300ஐ ஒட்டிய ஒரு ஜெர்மானிய ஓவியச் சுவடி. இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகர ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பாதிரியார் மாணவனுக்குச் சிறு கேடயமும் வாளும் கற்றுக்கொடுக்கிறார். படத்துக்குப் படம் கேடயம் வாள் பிடித்த கையோடு ஒட்டியே போகிறது. நீட்டிய வலக்கை வெட்டுப்படாமல் இடக்கை துணை போகிறது. கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற ஒரு பெண்ணும் வாளோடு நிற்கிறாள்.

படை வரிசையில் கதை வேறு. கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், கி.மு. 418இல் நடந்த மாண்டினியாப் போரைச் சொல்லும்போது ஒரு வேடிக்கையைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொருவனும் தன் வலப்பக்கத்தான் பிடித்த கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்ப்பதால், மொத்தப் படையுமே நடக்க நடக்க வலப்பக்கம் சாய்ந்து போகுமாம். இடக்கைக் கேடயம் பாதி எனக்கு, பாதி என் பக்கத்து வீட்டுக்காரனுக்கு! (சோழர் காலத்து வலங்கை, இடங்கைப் பிரிவுகள் படையில் நின்ற பக்கத்தால் வந்தவை என்று சொல்வோர் உண்டு. சுவையான கருத்து, ஆனால் துணிய இடமில்லை.)

கல்லில் நிற்பவர்கள்

நமக்கு அப்படி ஓர் ஓவியச் சுவடி இல்லை. கல்தான் சுவடி. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் அம்மை சிங்கத்தின்மேல் வில் வளைத்து வருகிறாள். எல்லோரும் அவளையும் எருமைத் தலையனையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவளைச் சுற்றிக் குள்ள பூதங்கள் வாளும் கேடயமுமாக ஓடிவருவதைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி தெருவில் பார்த்த வீரனைத்தான் பூதமாக்கியிருக்கிறான். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறே படம் படமாக ஓடுகிறது. அதில் போர்க்களங்களும் உண்டு. பிற்காலச் சிற்ப இலக்கணத்தில் கட்கம் வலக்கை, கேடகம் இடக்கை என்று ஜோடியாகவே வைத்துவிட்டார்கள். எட்டுக் கை, பதினாறு கை என்று எத்தனை வந்தாலும் இந்த ஜோடி பிரியாது.

நடுகற்கள் இன்னொரு சாட்சி. செங்கம் வட்டாரத்துக் கற்களை 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமி காலத்தில் தொகுத்து வெளியிட்டது. ஆநிரை மீட்டும் கவர்ந்தும் இறந்த எளிய வீரர்கள். வலக்கையில் வாளோ குறுவாளோ, இடக்கையில் வில்லோ கேடயமோ. அந்த இடக்கையில் இருப்பதைக் கொண்டே ஆள் எட்ட நின்று பொருதவனா, கிட்ட நெருங்கினவனா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நடுகல் பார்க்க ஊருக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நம் போரிவிலியில் எக்சர் என்ற இடத்தில் ஆறு வீரகற்கள் நிற்கின்றன. கடற்போர் செதுக்கிய கற்கள். துடுப்பு வரிசையோடு கப்பல்கள், மேலே வீரர் சொர்க்கம் போவது. கொங்கணத்துச் சிலாஹாரரை யாதவர் வென்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுப் போரோடு அவற்றைப் பொருத்துவோர் உண்டு. லோக்கல் ரயிலில் தினம் அந்தப் பக்கம் போய்வருகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

சோழர் படைக்கு வருவோம். கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர் வரிசை வருகிறது: வில்லிகள், வேளைக்காரர், கைக்கோளர். அதில் 'வாள்பெற்ற கைக்கோளர்' என்று ஒரு பிரிவு. வாள் 'பெற்ற' என்பது முக்கியம். வாள் எல்லாருக்கும் இல்லை, அது பெறுவது. கேடயம் பெற்றவர் என்று ஒரு படைப்பெயரை நான் பார்த்ததில்லை.

விஜயநகரத்துக்கு வரும்போதுதான் கேடயத்தைக் கண்ணாரப் பார்த்த ஒருவர் கிடைக்கிறார். போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், 1520ஐ ஒட்டி அங்கே இருந்தவர். படைப் பார்வை விழாவில் கேடயக்காரர்கள் வந்ததை அவர் விவரிக்கிறார். பொன்னும் வெள்ளியுமாகப் பூ வேலை, புலி உருவம், வெள்ளித் தகட்டில் இலை வேலை. கிருஷ்ணதேவராயர் விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடித்து, எண்ணெய் தேய்த்து, மண்ணால் செய்த பளுவைத் தூக்கி, பிறகு வாள் எடுத்துச் சுழற்றி, எண்ணெய் முழுதும் வேர்வையாக வெளியேறும்வரை பயிற்சி செய்வார் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் மல்யுத்தம், குதிரை. இந்தக் காலத்து ஜிம் வாத்தியார் இதைக் கேட்டால் எண்ணெய் குடிப்பதற்குத்தான் ஆட்சேபிப்பார்.

மலையாளக் கரையில் நாயர் பிள்ளைகள் சிறுவயதிலேயே வாளும் கேடயமும் பழகியதை பார்போசா என்ற இன்னொரு போர்த்துக்கீசியர் அதே காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பயிற்சி இன்றும் களரியில் இருக்கிறது: வாளும் பரிசயும். நம் பரிசைதான் அவர்களுக்குப் பரிச. மெய்ப்பயிற்சி, கோல், அதற்கப்புறம்தான் உலோக ஆயுதம்; அங்கே வாளைத் தனியாகக் கற்பிப்பதைவிட ஜோடியாகக் கற்பிப்பதே வழக்கம். தாழ்ந்து உட்கார்ந்து, பரிசைக்குப் பின்னால் உடம்பைச் சுருக்கி, திடீரென்று எழும்பி வெட்டுவது. ஒரு சிறு பரிசை எப்படி ஒரு முழு ஆளை மறைக்கிறது என்பது அந்தத் தாழ்ந்த நிலையைப் பார்த்தால்தான் புரியும். ஆள் நிமிர்ந்து நின்றால் மறைக்காது. கேடயத்தின் அளவைக் கேட்பதோடு பிடித்தவன் எப்படி நிற்கிறான் என்றும் கேட்க வேண்டும். பகடையில் இதற்கு எண் இல்லை.

கொம்பு முளைத்த கேடயம்

தமிழகத்தின் தனிச்சிறப்பு என்று நான் நினைப்பது மான்கொம்பு. மடு என்றும் சொல்வார்கள். வெளிமானின் முறுக்குக் கொம்பு இரண்டை எதிரெதிர்த் திசையில் நீட்டி, நடுவில் குறுக்குக் கட்டை வைத்துப் பிடி அமைத்து, நுனியில் இரும்புப் பூண் போடுவது. சிலவற்றில் பிடிக்கு முன்னால் சிறு தோல் கேடயமோ உலோகக் கேடயமோ சேர்ந்திருக்கும். இடக்கையில் பிடித்து எதிரியின் வீச்சைக் கொம்பில் வாங்கித் தள்ளி, அதே அசைவில் கொம்பு நுனியால் குத்தலாம். தடுத்தது எப்போது, குத்தியது எப்போது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தக்காணத்திலும் ராஜபுத்திர நாட்டிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குப் போன கட்டாரிகளில் பாய்மரம் போல் விரிந்த மூடி வைத்தவை உண்டு. அந்த மூடி, பிடித்த கையைக் காக்கும். குத்தும் கருவியிலேயே குட்டிக் கேடயம்.

செம்பூர்ப் பையனின் கேள்விக்கு என் பதில் இதுதான். நம்ம ஊர்ல 'வாளா, கேடயமா' என்ற பிரிவே கூர்மையாக இல்லை. கிட்ட நின்று ஒருவனோடு ஒருவன் பொருதும் இடத்தில் இரண்டாவது கையில் இருந்ததெல்லாம் பாதி கேடயம், பாதி ஆயுதம். அம்பு வரும் களத்தில் கட்டாயம் கேடயம். இரண்டு வாளால் அம்பைத் தடுப்பவன் சினிமாவில்தான் உண்டு. இரட்டை வாள் வீச்சு ஆட்டக்களத்தில் அழகு, சந்தேகமில்லை. படைக்களத்தில் அதற்குச் சான்று மெலிவு.

எங்கே போயிற்று?

துப்பாக்கி வந்தபின் கேடயம் போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. அதற்கும் முன்பே தென்பாண்டிச் சீமையில் நீள ஈட்டி வந்து கேடயத்தைத் தள்ளிவிட்டது. பாளையக்காரர் படையின் முதன்மை ஆயுதம், மிக நீண்ட ஈட்டி. அதற்கு இரண்டு கையும் வேண்டும். கேடயத்துக்குக் கை இல்லை. அவர்களோடு போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று நன்றியோடு எழுதுகிறார். கற்றுக்கொடுத்தவரை அவருடைய கும்பினிப் படையே பிறகு தேடிப் பிடித்தது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். 1878இன் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் பூட்டுப் போட்டது.

வாள் போனது, வேல் போனது, வளரி போனது. கம்பு மட்டும் தப்பியது. மாடு மேய்ப்பவன் கையில் இருக்கும் கம்பை எந்தச் சட்டம் பிடுங்கும்? இன்று சிலம்பம் என்று நாம் சொல்வதில் நெடுங்கம்பு தலைமை வகிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நெடுங்கம்பு இரண்டு கை ஆயுதம். ஆக, வலக்கை அறிவு ஓரளவு தப்பியது, இடக்கை அறிவு கேடயத்தோடு போய்விட்டது. பஞ்சாபில் கட்கா ஆடுபவர்கள் கம்போடு ஃபரி என்னும் சிறு தோல் கேடயத்தையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். கோலாப்பூர்ப் பக்கத்து மர்தானி கேளில் டாலும் தல்வாரும் இருக்கின்றன. கேரளத்தில் பரிச இருக்கிறது. நமக்கு நடுவில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கிறது.

சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வாட்போர் என்றால் எம்.ஜி.ஆர். - நம்பியார்தான். 'நாடோடி மன்னன்' (1958), 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) போன்றவற்றில் வரும் சண்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒல்லி வாள், வாளோடு வாள் உரசல், இடக்கை பெரும்பாலும் காலி. அது ஐரோப்பிய வாள் விளையாட்டு, ஹாலிவுட் வழியாகக் கோடம்பாக்கம் வந்தது. பார்க்க நன்றாக இருந்தது, விசிலடித்தோம், தப்பில்லை. ஆனால் கேடயம் இல்லாத வாட்போர்தான் தமிழர் வாட்போர் என்ற எண்ணம் அங்கேதான் ஊன்றியது.

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். பம்பாய்ப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு சங்கடம். ஓட்டையை அடைக்கிறேன் என்று சிலர் களரியிலிருந்தும் மர்தானி கேளிலிருந்தும் கேடயப் பாடங்களை எடுத்து, ஐயாயிரம் வருஷத்துத் தமிழ்க்கலை என்று மேடையில் முழங்குகிறார்கள். எடுப்பதில் குற்றமில்லை, அக்கம்பக்கத்தில் கடன் வாங்காத கலை எது? எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டால் நம் மரியாதை குறையாது. சொல்லாமல் விட்டால், நாளைக்கு உண்மையாகவே நமக்கு உரிய மான்கொம்பைக் காட்டினாலும் பக்கத்து மராத்திக்காரர் நம்ப மாட்டார்.

மான்கொம்பையும் இன்று கொம்பில் செய்ய முடியாது. 1972இன் வனவிலங்குச் சட்டப்படி வெளிமான் உயர்ந்த காப்புக்கு உரிய விலங்கு. கொம்பு வைத்திருப்பதே வழக்கு. ஆசான்கள் இரும்பிலும் மரத்திலும் செய்து பழக்குகிறார்கள். எடை மாறும், ஆனால் பிடியும் அசைவும் மாறாது. முதலில் இடக்கையில் மான்கொம்பை மட்டும் கொடுத்து, வலக்கையைப் பின்னால் கட்டி, வருகிற கம்படியை வாங்கித் தள்ளச் சொல்லலாம். வலக்கைக்கு ஆயுதம் அப்புறம். பகடை உருட்டும் எங்கள் பையன்களில் இருவர் இப்போது மாலையில் அப்படித்தான் கற்கிறார்கள். "இடது கை ரொம்ப வலிக்குது அங்கிள், வலது கை சும்மாவே இருக்கு" என்கிறார்கள்.

நம் சங்கங்களில் கேடயம் என்ற சொல் இன்னும் உயிரோடு இருப்பது ஆண்டு விழாவில்தான். பேச்சுப் போட்டிக்கு ஒரு சுழற்கேடயம், கோலப் போட்டிக்கு ஒன்று. வாங்கினவர் தம் வீட்டுச் சுவரில் ஒரு வருஷம் மாட்டி வைத்துவிட்டு அடுத்த விழாவில் திருப்பித் தருவார். அடுத்தமுறை அதைக் கையில் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மாட்டுவதற்கு ஒரு கொக்கி இருக்கும். பிடிப்பதற்கு வார் இருக்காது.